பேய்க் கதையும் பிழைப்பும்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த அச்சத்தையே முதலாகக் கொண்டு தொழில் நடத்துவோரும் உலகில் உண்டு. இங்கிலாந்தின் பழம்பெரும் நகரான யார்க்கில் 1973-ஆம் ஆண்டு முதல் அந்தி சாய்ந்தபின் பயணிகளைத் தெருத் தெருவாக அழைத்துச் சென்று, இன்ன வீட்டில் இன்னாருடைய ஆவி உலவுகிறது என்று கதை கூறிக் கட்டணம் பெறுகின்றனர். நம் தலைநகர் தில்லியிலும் 2023-ஆம் ஆண்டில் அரசின் சுற்றுலாத் துறையே, பேய் உலவுவதாகக் கூறப்படும் பாழடைந்த மாளிகைகளுக்கு நடைப்பயணம் ஏற்பாடு செய்தது.

தஞ்சையில் இத்தொழில் நடக்குமா? பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளில் எவரேனும் இப்படியொரு எண்ணத்தை வீட்டில் வெளியிட்டால், பெற்றோர் உடனே முகம் சுளிக்க வேண்டா. பெரும் பணமோ கடையோ தேவையில்லாத தொழில் இது. உழைக்கும் கால்களும், தெளிவான நாவும், ஊரைப் பற்றிய உண்மை அறிவும் இருந்தால் போதும். ஆனால் நாம் எதை விற்கிறோம் என்பதில் மட்டும் தெளிவு வேண்டும். அச்சத்தை விற்பதா, வரலாற்றை விற்பதா?

தஞ்சையின் செல்வத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இராசராசன் 1010-ஆம் ஆண்டில் முடித்த பெரிய கோயில். அதனை அடுத்துச் சிவகங்கைத் தோட்டமும் குளமும். அங்கேயே 1779-ஆம் ஆண்டில் எழுந்த சுவார்ட்சு ஐயரின் ஆலயம். சற்று வடக்கே நாயக்கரும் மராட்டியரும் வாழ்ந்த அரண்மனை. அதனுள் சரசுவதி மகால் நூலகம். இவ்வளவும் இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கும். சுவார்ட்சு ஐயர் 1798-இல் மரணப் படுக்கையில் இருந்தபோது, அவரிடம் வளர்ந்த சரபோசி அருகில் நின்று விடைபெறும் காட்சியைச் சலவைக் கல்லில் செதுக்குவித்து அந்த ஆலயத்தில் வைத்தவர் சரபோசி மன்னரே. சமயத்தால் வேறுபட்ட இருவரின் அன்புக்குச் சான்றாக நிற்கும் அக்கல்லைக் காணாமலே ஊர் திரும்பும் பயணிகள் எத்தனை பேர்!

பேய்க் கதைக்கும் இங்கே பஞ்சமில்லை. 1673-ஆம் ஆண்டில் மதுரைச் சொக்கநாத நாயக்கர், தஞ்சை விசயராகவ நாயக்கரின் மகளை மணம் பேசினார்; தஞ்சையார் மறுத்தனர்; போர் மூண்டது. தோல்வி உறுதியானதும் விசயராகவர் அரண்மனைப் பெண்களை வெடிமருந்துக்கு இரையாக்கச் செய்துவிட்டுக் களத்தில் விழுந்தார் என்று பழைய வரலாற்றேடுகள் கூறுகின்றன. செங்கமலதாசன் என்னும் குழந்தையை மட்டும் ஒரு செவிலி காப்பாற்றி நாகப்பட்டினத்துக்குக் கொண்டு சென்றாள் என்பதும் அவ்வேடுகளின் செய்தி. அக்குழந்தைக்கு அரியணையை மீட்டுத் தரப் படையுடன் வந்த ஏகோசி தாமே நாட்டை எடுத்துக்கொண்டார். அவ்வாறுதான் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி வேரூன்றியது.

இதனை வழிகாட்டி ஒருவர் எப்படிச் சொல்லலாம்? நள்ளிரவில் இம்மதிலருகே பெண்கள் அழும் குரல் கேட்கும் என்று இட்டுக்கட்டலாம். கேட்போர் சிலிர்த்து, மறுநாளே மறந்துவிடுவர். ஆண்களின் மானப் போட்டிக்குப் பெண்களின் உயிர் விலையாயிற்று என்று உள்ளபடி சொல்லி, பெயர் தெரியாத அச்செவிலியின் துணிவையும் எடுத்துரைக்கலாம். கேட்போர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வர். இரண்டாம் வழியே நீடித்த தொழிலுக்கும் ஏற்றது.

இந்த வழியை நமக்குக் காட்டியவர் பழம்புலவரே. மணிமேகலைக் காப்பியத்தில், காவிரி கடலோடு கலக்கும் புகார் நகரத்துச் சுடுகாட்டைப் பற்றிய கதையொன்று வருகிறது. சார்ங்கலன் என்னும் சிறுவன் அறியாமல் இரவில் அங்கே நுழைந்தான். பிணத்தின் தலையை ஏந்தி ஆடிய பேயைக் கண்டான். நடுநடுங்கி வீட்டுக்கு ஓடித் தாயிடம் சொல்லி உயிர் துறந்தான். பேயின் கதை அத்துடன் முடிகிறது. அதன்பின் புலவர் பாடுவது தாய் கோதமையின் துயரத்தையே. என் உயிரைக் கொண்டு மகனுக்கு உயிர் தருக என்று அவள் தெய்வத்தை மன்றாடுகிறாள். போன உயிர் மீளாது என்ற விடையே அவளுக்குக் கிடைக்கிறது. அச்சத்தில் தொடங்கி இரக்கத்தில் முடியும் இக்கதையைப் பூம்புகார்க் கடற்கரையில் நின்று சொல்வதற்கு ஒருவரேனும் முன்வரலாகாதா?

இரக்கம் தவறினால் என்ன நேரும் என்பதற்குத் தில்லியின் மால்சா மகால் ஓர் எச்சரிக்கை. அவத் நவாபின் வழித்தோன்றல்கள் என்று தம்மைக் கூறிக்கொண்ட ஒரு தாயும் மகளும் மகனும் 1980-களில் காட்டுக்குள் இருந்த அந்தப் பாழ் மாளிகையில் குடியேறினர். கடைசியாக எஞ்சிய மகன் 2017-இல் தன்னந்தனியே இறந்தார். அவர்கள் அரச மரபினர் அல்லர், நாட்டுப் பிரிவினையில் நிலைகுலைந்த குடும்பத்தினர் என்பதை 2019-இல் செய்தியாளர் ஒருவர் ஆராய்ந்து வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து அவர்கள் வாழ்ந்த இடமே பேய் நடைப்பயணத்தின் முதல் நிறுத்தமாயிற்று. மனநோவுடன் வாழ்ந்து மறைந்தவர்களைப் பேயாக்குவது எளிது. மனிதராகவே நினைவுகூர்வதுதான் கடினம்.

ஆகவே இத்தொழிலில் இறங்குவோர் ஒரு வரம்பை முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். அழுதவர்கள் இன்னும் உயிரோடிருக்கும் இடத்தில் பேய்க் கதை கூடாது. 1968-இல் 44 பேர் எரிந்த கீழ்வெண்மணியும், 2004 சூலையில் 94 குழந்தைகள் தீக்கிரையான கும்பகோணம் பள்ளியும், அதே ஆண்டு திசம்பரில் ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்ற நாகைக் கடற்கரையும் வேடிக்கைக்குரிய இடங்கள் அல்ல. கல்லறைத் திருநாளில் நாம் மெழுகுதிரி ஏற்றுவது பயத்தினால் அன்று, பாசத்தினால். அப்பாசம் பிறர் வீட்டு இறந்தோருக்கும் உரியது.

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் ஒரு குறிப்பேடு வேண்டும். ஒரு பக்கத்தில் கல்வெட்டும் நூலும் கூறுவது. மறுபக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் வாய்வழியாகக் கூறுவது. இரண்டையும் கலவாமல், இது சான்றுள்ளது, இது செவிவழிச் செய்தி என்று பயணிகளிடமும் பிரித்தே சொல்ல வேண்டும். வயல்வெளியில் கொள்ளிவாய்ப் பிசாசு கண்டதாகப் பாட்டிமார் சொன்னதைச் சுவையாகவே சொல்லலாம். சேற்றிலிருந்து எழும் வாயுவைக் காரணமாகக் காட்டும் அறிவியல் விளக்கத்தையும் உடன் சேர்க்கலாம்.

தொல்லியல் துறையின் காப்பிலுள்ள நினைவுச் சின்னங்களுக்குள் வழிகாட்டியாகத் தொழில் செய்ய உரிய உரிமம் பெற வேண்டும். இரவில் அவ்விடங்களுக்குள் நுழைய எண்ணாமல், மேலவீதி, கீழராசவீதி போன்ற பொதுத் தெருக்களையே அந்தி நடைக்குத் தேர்ந்துகொள்வது நலம். இருட்டில் வாய்க்கால் கரைக்கும் வரப்புக்கும் எவரையும் அழைத்துச் செல்லக் கூடாது. அங்கே பேயில்லாவிடினும் நாகமும் விரியனும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துத் தை, மாசி மாதங்களில் தொடங்குவது ஏற்றது. பத்துப் பன்னிருவருக்கு மேல் சேர்த்தால் குரல் எட்டாது.

அகமதாபாத் மாநகராட்சி 1997-இல் தொடங்கிய மரபு நடை கோயிலில் தொடங்கிப் பள்ளிவாசலில் முடிகிறது. அதில் பேய் இல்லை. பழைய தெருக்களும் அவற்றில் வாழ்ந்த மக்களின் வரலாறுமே உண்டு. அதுவே இத்தனை ஆண்டுகளாகப் பயணிகளை ஈர்த்து வருகிறது. தஞ்சை இளைஞர்களும் தம் தெருவிலிருந்தே தொடங்கட்டும். முதல் நடைக்கு வீட்டாரையும் அண்டை அயலாரையும் அழைத்துச் சென்று, அவர்கள் திருத்திச் சொல்வதைக் குறித்துக்கொள்ளட்டும். கட்டணம் வாங்குவது அதன் பின்னர் ஆகட்டும்.