பெரிய கம்பனிகளின் நேர்முகப் பரீட்சை

ஹட்டனில் கடை வைத்திருக்கும் நண்பரின் மகன், கொழும்பில் 12 வருடமாக மென்பொருள் பொறியியலாளர். அண்மையில் வெளிநாட்டுப் பெரிய கம்பனியொன்றுக்கு விண்ணப்பித்தார். 5 சுற்று நேர்முகப் பரீட்சை. இதுவரை செய்த வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையாம். பல்கலைக்கழகத்தில் ஆரம்பத்தில் படித்த கணக்குகளை 45 நிமிடத்துக்குள் செய்து காட்டச் சொன்னார்களாம். பிறகு மாதக்கணக்கில் மௌனம். கடைசியில் காரணம் சொல்லாத இரண்டு வரி மின்னஞ்சல். "திரும்பவும் ஏ.எல். எழுதுற புள்ள மாதிரி ராவெல்லாம் முழிச்சிப் படிச்சான் நானா" என்று நண்பர் வருத்தப்பட்டார்.

இது புதிய கதையல்ல. யாஹூவில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த பிரையன் அக்டனை 2009 இல் டுவிட்டரும் பேஸ்புக்கும் வேண்டாமென்றன. அவர் நண்பருடன் சேர்ந்து வளர்த்ததுதான் நாம் சரக்குக்கு ஓடர் அனுப்பும் வட்ஸ்அப். 2014 இல் அதே பேஸ்புக் அதை 19 பில்லியன் டொலருக்கு வாங்க உடன்பட்டது. வாசலில் திருப்பியனுப்பிய சரக்கை ஐந்து வருடம் கழித்து என்ன விலைக்கு வாங்கினார்கள் பாருங்கள்!

கம்பனிகள் பக்கமும் நியாயம் உண்டு. லட்சக்கணக்கில் விண்ணப்பம் வந்தால் எல்லோரையும் எப்படி அறிவது? பரீட்சை என்றால் லயத்துப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் ஒரே கேள்விதான்; சிபாரிசுக்கு இடமில்லை. புதிதாக வருபவருக்கு அது நல்லது. ஆனால் 12 வருடம் உழைத்தவருக்கும் அதே கேள்வித்தாளா? விடுகதை கேட்டு ஆள் எடுத்தது வீண்வேலை என்று கூகுளின் ஆளணிப் பிரிவுத் தலைவராயிருந்த லாஸ்லோ பொக் 2013 இல் ஒப்புக்கொண்டார். விடுகதை போனது, பாடப் புத்தகக் கணக்கு நின்றுவிட்டது.

கொழும்பு ஏலத்துக்கு முன் நம் மலைநாட்டுத் தேயிலையைச் சுவைத்துப் பார்த்துத்தான் விலை மதிக்கிறார்கள். டீமேக்கரைக் கூப்பிட்டு இரசாயனப் பாடம் கேட்பதில்லை. மத்யனில் மூஸா நபி (அலை) ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டியதைக் கண்ட பெண்தான், பலமும் நம்பிக்கையும் உள்ள இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று தந்தையிடம் சொன்னதாக சூரா அல்கஸஸ் கூறுகிறது. அங்கே பார்க்கப்பட்டது வேலை.

சிறு வியாபாரிகளான நமக்கு இது எளிது. கணக்கெழுத வருபவரிடம் ஒரு வாரக் கணக்கைக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லலாம். சரிவராவிட்டால் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? போன நோன்புக்கு முன் வந்த ஒருவரை, "சொல்லியனுப்புகிறேன்" என்று அனுப்பிவிட்டு நானே மறந்துபோனேன்.