லாபம் வந்தால் அரசுக்குப் பங்கு... காசு போனால் யாரிடம் கேட்பது?

திருப்பரங்குன்றம் பதினாறு கால் மண்டபம் பக்கம் டீக்கடைகளில் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. தங்கம் விலை, மல்லிகைப்பூ விலை, அரசியல் என்று ஓடும் பேச்சில் இப்போது பிட்காயினும் சேர்ந்துவிட்டது. பேச்சு எழுந்தால் மூன்று கட்சி பிரியும்.

"என் காசு... நான் எதுல போட்டா யாருக்கு என்ன மாப்ள?" என்பது கல்லூரிப் பிள்ளைகள் கட்சி. "கண்ணுக்கே தெரியாத காசை எப்படிப்பா நம்புறது? நாலு கிராம் தங்கம்னா ஆத்திர அவசரத்துக்கு அடகாவது வைக்கலாம்" என்பது வீட்டுப் பெரியவர்கள் கட்சி. "இதுவும் சூதாட்டம்தான், மொத்தமா தடை பண்ணணும்" என்பது மூன்றாவது கட்சி.

மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால், மூன்று கட்சியும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. போட்ட காசு காணாமல் போனால், எந்த வாசலில் போய் நிற்பது?

நடுவில் யாரும் இல்லாத காசு

2008-ல் உலகமே பொருளாதார நெருக்கடியில் தவித்த நேரம். அந்த ஆண்டு அக்டோபர் 31-ம் தேதி, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று இணையத்தில் வெளியானது. வங்கி என்ற இடையாள் இல்லாமலே ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்பலாம் என்பதுதான் அதன் சாரம். 2009 ஜனவரி 3-ம் தேதி பிட்காயின் பிறந்தது. கணக்குப் புத்தகம் ஒரே இடத்தில் இருக்காது. உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்களில் அதன் நகல் இருக்கும். மொத்தமே 2.1 கோடி காயின்கள்தான். எந்த அரசும் நினைத்தபடி கூடுதலாக அச்சடிக்க முடியாது.

'என் காசு, என் சுதந்திரம்' என்ற வாதம் இங்கிருந்துதான் வருகிறது. 2016 நவம்பர் 8 இரவு அறிவிப்புக்குப் பிறகு, 500, 1000 ரூபாய் நோட்டுகளோடு வங்கி வாசலில் கால்கடுக்க நின்றவர்களுக்கு இந்த வாதம் புரியாமல் போகாது.

ஆனால், நடுவில் யாரும் இல்லை என்றால், தவறு நடந்தால் கேட்கவும் யாரும் இல்லை. ரகசியச் சாவியைத் தொலைத்தால் புதுச் சாவி தர மேனேஜர் கிடையாது. விலையும் அப்படித்தான். 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், ஒரே வருடத்தில் 17,000 டாலருக்கும் கீழே விழுந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த காசை இதில் போட்டவருக்கு, முகூர்த்தம் எந்த வருடம் அமைகிறது என்பதுதான் லாப நஷ்டத்தை முடிவு செய்யும்.

நீதிமன்றம் திறந்த கதவுகள்

2018 ஏப்ரல் 6-ம் தேதி, கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. 2020 மார்ச் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி வி.ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு; ஆனால் வங்கிகளுக்கு என்ன பாதிப்பு வந்தது என்று காட்டாமல், சட்டம் தடை செய்யாத ஒரு தொழிலின் மூச்சை நிறுத்துவது அளவுக்கு மீறியது என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்தது 2025 அக்டோபர். வசீர்எக்ஸ் தளத்தில் 2024 ஜூலையில் பெரும் திருட்டு நடந்தது. திருடுபோன வகை காயினை வாங்காத சென்னை முதலீட்டாளர் ஒருவரின் கணக்கும் முடங்கியது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கிரிப்டோ என்பது சொத்துதான், ஒருவர் அதற்கு உரிமையாளராக இருக்க முடியும் என்றார் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். சென்னை வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருப்பதால் இங்கேயே நியாயம் கேட்கலாம் என்றும் சொன்னார்.

நல்ல தீர்ப்பு. ஆனால், காசை இழந்த ஒவ்வொருவரும் உயர் நீதிமன்றப் படியேற முடியுமா?

மதுரையில் பிறந்தவர் போட்ட வரி

மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி அறிவித்தார். விற்கும் தொகையில் 1% டி.டி.எஸ் பிடித்தமும் வந்தது. ஒரு காயினில் 10,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 10,000 ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் மிஞ்சியது பூஜ்யம். ஆனாலும் செஸ் சேர்த்து 3,120 ரூபாய் வரி கட்ட வேண்டும். ஒரு காயின் நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்தில் கழிக்க முடியாது. பங்குச் சந்தையில் இந்தச் சலுகை உண்டு.

வரி போட்டதால் அங்கீகாரம் கொடுத்ததாக அர்த்தமில்லை என்பது அரசின் நிலைப்பாடு. சிக்கலே இங்குதான். வங்கி டெபாசிட் என்றால் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. பதிவு செய்த சீட்டுக்கு 1982-ம் ஆண்டு சட்டம் இருக்கிறது. நிதி நிறுவனம் ஏமாற்றினால் தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பங்குக்கு செபி இருக்கிறது. கிரிப்டோவுக்கு? 2023 மார்ச்சில் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். அது கறுப்புப் பணத்தைப் பிடிக்க. உங்கள் காசை மீட்டுத் தர அல்ல.

தன் காசில் ரிஸ்க் எடுப்பது ஒருவரின் உரிமை. தடை போடுவது அதற்கு பதில் ஆகாது. அதேசமயம், சுதந்திரம் என்பது கேட்பாரற்று விடுவதும் அல்ல. லாபத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை வாங்கும் அரசு, வாடிக்கையாளர் காயினைத் தனியாக வைக்க விதியும், புகார் சொல்ல ஓர் அலுவலகமும் தர வேண்டாமா?

அதுவரை கவனிக்க வேண்டியவை

நகையை அடகு வைத்தோ, கடன் வாங்கியோ இதில் இறங்காதீர்கள். தளம் மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்ததா, காயினின் சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 'பிட்காயினில் போட்டால் மாதம் இத்தனை சதவிகிதம் நிச்சயம்' என்று யாராவது வீடு தேடி வந்தால், அது பெயர் மாற்றிய பழைய மோசடி. பிட்காயின் யாருக்கும் வட்டி கொடுப்பதில்லை. ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் க்ரைம் எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.