ஏன் ஓடவில்லை என்கிறார்கள்

கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ நாவலைப் (2005) பற்றி வாசகர்கள் பலர் சொல்லும் குறை இது: உறுப்புகளுக்காக வளர்க்கப்படும் நகல்மனிதர்கள் ஏன் தப்பி ஓடவில்லை? நம்பும்படி இல்லையாம்.

அந்த நகல்மனிதர்களில் ஒருத்தியான கேத்தியிடம் கார் இருக்கிறது. இங்கிலாந்தின் சாலைகளில் தனியாகவே ஓட்டிப் போகிறாள். வேலி இல்லை, காவலர் துரத்துவதில்லை. இஷிகுரோ இதையெல்லாம் தெரிந்தேதான் எழுதினார். அவர்கள் வளர்ந்த ஹெய்ல்ஷாம் பள்ளி, பிள்ளைகளிடம் பாதி சொல்லி, பாதி மறைத்து, சாவை அவர்களுடைய கடமையாகவே பழக்கிவிட்டது. அதனால்தான் கேத்தியும் அவள் காதலன் டாமியும் விடுதலை கேட்பதில்லை. காதலைக் காட்டி மூன்றாண்டு அவகாசம் கேட்கிறார்கள். அதுவும் கிடைப்பதில்லை. அந்தக் காட்சியை வாசித்த பிறகும் ‘ஏன் ஓடவில்லை’ என்று கேட்பது எனக்கு வலிக்கிறது.

ஓடும் நகல்மனிதர்கள்தான் வேண்டுமென்றால் அதே ஆண்டில் ‘தி ஐலண்ட்’ படம் வந்தது. இஷிகுரோவிடம் அதைக் கேட்காதீர்கள்.