அது டிரவுட்தானா? முதலில் முதுகைப் பாருங்கள்

கொடைக்கானலில் டால்பின் நோஸ் பாறையைத் தாண்டிக் கீழே இறங்கினால் வெள்ளகவி. அங்கிருந்து கும்பக்கரைப் பக்கம் சரியும் காட்டோடைகளில், உடம்பில் பட்டையோ புள்ளியோ போட்ட வெள்ளி நிற மீன் ஒன்று தூண்டிலில் மாட்டினால், பலருக்கு வாயில் வரும் முதல் பெயர் 'டிரவுட்'. குளிர்ந்த மலை, தெளிந்த தண்ணீர், புள்ளி போட்ட மீன் என்றால் வேறென்ன என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தப் பெயரை நம்பி "இங்கே டிரவுட் வளர்கிறது, ஓடையில் குஞ்சு விடுங்கள்" என்று மனு எழுதுவதற்கு முன் மீனைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பாருங்கள்.

டிரவுட் நம் மலைகளில் பிறந்த மீன் அல்ல. 1863-ல் பிரான்சிஸ் டே இங்கிலாந்திலிருந்து முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு சென்னை மாகாண அரசின் மீன்வள நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில், 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைத்தது அப்படித்தான். மூணாறு, இலங்கையின் ஹார்ட்டன் சமவெளி ஆகிய இடங்களிலும் மனிதர்கள் கொண்டுவந்து விட்டதால்தான் அது இருக்கிறது. ஆகவே ஓர் ஓடையில் டிரவுட் கிடைத்தது என்றால், யாரோ அங்கே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது சாதாரணச் செய்தி அல்ல.

அடையாளம் காண ஆய்வகம் தேவையில்லை. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே விரலால் தடவுங்கள். முள் இல்லாத, சதைத் துணுக்கு போன்ற சின்னத் துடுப்பு ஒன்று தட்டுப்பட வேண்டும். கொழுப்புத் துடுப்பு என்று அதற்குப் பெயர். டிரவுட்டுக்கு அது உண்டு. கெண்டை வகையறாவுக்குக் கிடையாது. சில கெளுத்தி இனங்களுக்கும் அது உண்டுதான், ஆனால் மீசையும் செதிலற்ற உடம்பும் கெளுத்தியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், சின்ன மீனில்தான். விரல் நீள டிரவுட் குஞ்சுக்கு உடம்பின் இரு பக்கமும் கருமையான நீள்வட்டத் தழும்புகள் வரிசையாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் பாரில் இன மீனுக்கும் பக்கவாட்டில் நீலப் பட்டைகள் செங்குத்தாக இறங்கும். தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பாரிலுக்குக் கொழுப்புத் துடுப்பு இல்லை. செதிலும் பெரிது: பக்கக் கோட்டில் எண்ணினால் நாற்பதையொட்டி நிற்கும். டிரவுட்டில் அது நூறைத் தாண்டும். தாடையில் விரலை வைத்தால் டிரவுட்டின் பல் உறுத்தும். பாரிலின் தாடையில் பல்லே கிடையாது. ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் வடஇந்தியாவில் கெண்டை உறவுக்காரன் ஒன்றுக்கே 'இந்திய டிரவுட்' என்று பெயர் வைத்தவர்கள். அந்தப் பெயரைப் பார்த்து நாம் ஏமாறத் தேவையில்லை.

டிரவுட்தான் என்று உறுதியானால், எந்த டிரவுட் என்பது அடுத்த கேள்வி. வால் முழுக்கக் கரும்புள்ளி தூவியிருந்து, பக்கத்தில் இளஞ்சிவப்புக் கோடு ஓடினால் வானவில் டிரவுட். குஞ்சில் இந்தக் கோடு மங்கலாக இருக்கும், அதை மட்டும் நம்பாதீர்கள். வாலில் புள்ளி இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்து, உடம்பில் வெளிறிய வளையம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகளும் தென்பட்டால் பழுப்பு டிரவுட்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோது, தலையில் தலைகீழ் 'ஒய்' வடிவமும் வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகளும் இருக்கின்றனவா என்று பார்க்காமல், பழைய தண்டுத் துளைப்பான்தான் என்று மருந்தடித்தவர்கள் பணத்தையும் பயிரையும் விட்டார்கள். மீனிலும் அதே கணக்குதான். பிடிபட்டது பாரில் என்றால், அது பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த ஓடைக்கே உரிய மீன். அதை டிரவுட் என்று எழுதி, அந்தப் பதிவைக் காட்டியே நிஜ டிரவுட் குஞ்சை விட்டால், குஞ்சு வளர்ந்து முதலில் தின்பது அந்தப் பாரிலைத்தான். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் வானவில், பழுப்பு இரண்டு டிரவுட்டும் இருக்கின்றன.

தண்ணீரும் ஒத்துழைக்க வேண்டும். வானவில் டிரவுட்டுக்கு ஏற்ற வெப்பம் சுமார் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ். 20-ஐத் தாண்டினால் தீனி குறையும். 25-ஐ நெருங்கினால் சாவு தொடங்கும். பண்ணைக்குட்டையில் டிரவுட் வளர்க்க நினைப்பவர்கள் ஏப்ரல், மே மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டுப் பாருங்கள். டிசம்பர் விடியற்காலையின் குளிரை வைத்து முடிவெடுத்தால் கோடையில் செத்த மீனைத்தான் அள்ளுவீர்கள். அந்தச் சோதனையில் தேறினாலும், குட்டை உடைந்தால் மீன் ஓடைக்குப் போகாதபடி வடிகாலில் கம்பி வலை போட முடியாது என்றால் அந்த யோசனையைக் கைவிடுவதே நல்லது. சுற்றுலாப் பயணிக்குத் தூண்டில் கொடுத்துக் காசு பார்க்கலாம் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் கீழே இருக்கும் ஓடை ஒருவருக்குச் சொந்தமானது அல்ல.

களப்பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. வனப்பகுதி ஓடையில் வனத்துறை அனுமதியின்றி மீன் பிடிக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே கைக்கு வந்த மீன் என்றால், இடப்பக்கம் முழுதாகத் தெரியும்படி, துடுப்புகளை விரித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஓடையின் பெயர், தேதி, தண்ணீரின் வெப்பம் மூன்றையும் குறியுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் துடுப்பின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி எத்தனாலில் போட்டு வையுங்கள். மரபணுச் சோதனைக்கு அது போதும். பார்மலினில் போட்டால் அந்தச் சோதனை கெடும். படத்தையும் குறிப்பையும் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்துக்கோ, நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பலாம். பதில் வரும்வரை பதிவேட்டில் 'டிரவுட்' என்று எழுதாமல் 'இனம் உறுதியாகவில்லை' என்றே எழுதுங்கள்.