ஸ்டாம்ப் பேப்பரில் தீராத கல்யாணம்

"அவங்களுக்குள்ள எழுதி முடிச்சாச்சு, தீர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு." தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர் வட்டாரத்தில் மறுமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார், கேட்பவரும் திருப்தியாகத் தலையாட்டுவார். எழுதியது எதில்? ஸ்டாம்ப் பேப்பரில். நகையும் பாத்திரமும் திரும்பி வந்துவிட்டன, இன்று முதல் எங்களுக்குள் எந்த உறவும் இல்லை, அவரவர் விருப்பப்படி வேறு திருமணம் செய்துகொள்ளலாம், ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போட மாட்டோம் என்று நாலு வரி. கீழே இரண்டு கையெழுத்து, இரு தரப்புச் சாட்சிகள், ஓரத்தில் நோட்டரி முத்திரை. சில நேரம் முத்திரைக்குப் பதில் ஊர்ப் பெரியவர்கள் இருப்பார்கள். சில நேரம் மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த கடிதமே போதும் என்றாகிவிடும்.

இதை விவாகரத்து என்று நம்புகிறார்களே, குடும்பச் சட்டத்தில் இதைவிட விலை கூடிய ஏமாளித்தனம் வேறு இல்லை.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தெளிவாக இருக்கிறது. திருமணத்தைக் கலைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். காரணம் காட்டிக் கேட்பதானால் 13-ஆவது பிரிவு. இருவரும் ஒத்துப்போய்க் கேட்பதானால் 13-பி. நோட்டரிக்கோ நாட்டாமைக்கோ இன்ஸ்பெக்டருக்கோ அந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. "ஏழு வருஷம் பிரிஞ்சிருந்தா தானாவே விவாகரத்து" என்பதும் இதே ரகத்துப் பேச்சு. ஏழு ஆண்டு என்பது உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லாதவருக்கான கணக்கு. அதற்கும் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

"எங்க சாதியில அறுத்துக்கட்டுற வழக்கம் உண்டே" என்று மறுப்பவர்களைச் சும்மா தள்ளிவிட முடியாது. வழக்கம் இருந்தது உண்மை. பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து இணக்கமாகப் பிரிவதும், பிறகு வேறு மணம் செய்துகொள்வதும் ஒழுக்கக்கேடு அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 1894-லேயே சொல்லியிருக்கிறது. மேல்சாதிச் சாஸ்திரம் விதவைக்குக்கூட மறுமணத்தை மறுத்த காலத்தில், உழைக்கும் சாதிகளின் பெண்கள் வேண்டாத புருஷனை விட்டு வெளியேற அந்த வழக்கம் வாசலைத் திறந்து வைத்திருந்தது. 1955 சட்டமும் அந்த வாசலை அடைக்கவில்லை. 29(2) பிரிவு வழக்கப்படியான மணமுறிவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பக்கத்துச் செங்கோட்டை முன்பு திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் இருந்த ஊர். அந்தச் சமஸ்தானத்தில் நாயர்கள் பதிவு செய்த பத்திரத்தின் மூலமாகவே மணத்தைக் கலைத்துக்கொள்ளச் சட்டம் வழி செய்திருந்தது.

ஆனால் வழக்கம் இருந்தது என்று வாயால் சொன்னால் ஆகாது. அது நெடுங்காலமாக, இடைவிடாமல், ஒரே மாதிரியாக அந்தச் சமூகத்தில் நடந்து வந்தது என்று சாட்சி வைத்து மெய்ப்பிக்க வேண்டும். பொதுச் சட்டத்துக்கு விலக்குக் கேட்பவரே அந்த வழக்கத்தை எடுத்துரைத்து நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொன்னது. பின்னர் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சொத்து வழக்கில், வெள்ளாளக் கவுண்டர் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதாகச் சொன்ன தரப்பு நிரூபிக்க முடியாமல் தோற்றது. இன்றைய ஸ்டாம்ப் பேப்பரில் எந்தச் சாதியின் எந்த வழக்கப்படி பிரிகிறார்கள் என்று ஒரு வரியாவது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. கம்ப்யூட்டரில் சேமித்து வைத்த பழைய வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துத் தருகிறார்கள். பட்டதாரி மாப்பிள்ளைக்கும் அதே தாள், பீடி சுற்றும் பெண்ணுக்கும் அதே தாள்.

தாளில் எழுதினால் தீர்ந்தது என்ற நம்பிக்கைக்குத் தமிழ்நாட்டுச் சட்டமே ஒரு வகையில் உரம் போட்டுவிட்டது என்றுகூடச் சொல்லலாம். 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் அண்ணா அரசு கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்தாலோ திருமணம் செல்லும். ஐயர் வேண்டாம், அக்னி வேண்டாம். வக்கீல்கள் முன்னிலையில் நடந்த அத்தகைய மணங்கள் செல்லாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. அருமையான சட்டம்தான். ஆனால் சேர்வதற்கு இத்தனை எளிய வழி இருக்கும்போது பிரிவதற்கும் இருக்கும் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். வக்கீல் அறையில் மாலை மாற்றியது செல்லும் என்றால், அங்கேயே கையெழுத்துப் போட்டுப் பிரிவது மட்டும் ஏன் செல்லாது? கேள்வி நியாயமாகத் தெரியும். விடை ஒன்றுதான்: 7-ஏ போல மணமுறிவுக்கு ஒரு பிரிவு இந்து திருமணச் சட்டத்தில் எழுதப்படவில்லை.

தாளை நம்பி அடுத்த கல்யாணம் நடக்கும்போதுதான் விளைவு தொடங்குகிறது. இலஞ்சி குமாரர் கோவிலில் தாலி கட்டினாலும் குற்றாலநாதர் சன்னதியில் கட்டினாலும், முதல் மணம் உயிரோடு இருக்கும்வரை இரண்டாவது மணம் இந்து திருமணச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி பிறக்கும்போதே செத்தது. முதல் துணை புகார் கொடுத்தால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 82-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. முதல் மணத்தை மறைத்துக் கட்டியிருந்தால் பத்து ஆண்டு வரை.

சிறைக்குப் போகிறவர்கள் குறைவுதான். பெரிய அடி சாவு வீட்டில் விழும். இரண்டாவதாக வந்தவள் பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, கடைசியில் மருத்துவமனையிலும் உடனிருந்திருப்பாள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போனால், "தீர்ந்துபோன" முதல் மனைவிதான் சட்டப்படி விதவை. குடும்ப ஓய்வூதியமும் சொத்தில் விதவைக்கான பங்கும் அவளுக்கே. பிள்ளைகளை மட்டும் இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு விழும் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. தாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பத்திரம் எழுதிப் பிரிந்த பெண் வேறொருவரை மணந்திருந்தால், மனம் கசந்த நாளில் அவரும் "உனக்குத்தான் முதல் புருஷன் இருக்கிறானே, இது கல்யாணமே இல்லை" என்று சொல்லி விலகிவிடலாம்.

அப்படிச் சொன்ன ஒருவருக்கு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குட்டு வைத்தது. முதல் கணவரிடமிருந்து ஒப்பந்தம் எழுதிப் பிரிந்த பெண் என்று தெரிந்தே மணந்தவர், ஜீவனாம்சம் தராமல் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. தாளை எழுதித் தருபவர்கள் இந்தத் தீர்ப்பை உயர்த்திப் பிடிப்பார்கள், ஏமாற வேண்டாம். அந்த ஒப்பந்தத்தை விவாகரத்து என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முதல் மணம் சட்டப்படி கலையவில்லை என்றாலும் சோறு போட வேண்டும் என்றுதான் சொன்னது. அதற்கே அந்தப் பெண் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

இஸ்லாமியர், கிறிஸ்தவர் வீடுகளில் தாள் வேறு, மயக்கம் ஒன்று. ஜமாத்தோ ஷரியத் கவுன்சிலோ கொடுக்கும் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தை அணுகுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. 2024 அக்டோபரில் மதுரைக் கிளை, திருநெல்வேலியிலிருந்து வந்த வழக்கில், கவுன்சில் கொடுத்த தலாக் சான்றிதழை ஏற்க மறுத்தது. கவுன்சில் தனியார் அமைப்பு, நீதிமன்றம் அல்ல என்றது. கிறிஸ்தவத் திருமணத்தைச் சபைத் தீர்ப்பாயம் ரத்து செய்தாலும் அரசின் சட்டத்துக்கு அது பொருட்டில்லை.

இதில் ஊர் ஜனங்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. தாள் தானாக அச்சாவதில்லை. நோட்டரிகள் திருமண அதிகாரிகள் அல்லர், திருமணத்துக்கோ விவாகரத்துக்கோ பத்திரம் சான்றளிக்கக் கூடாது என்று மத்தியச் சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் குறிப்பாணை அனுப்ப வேண்டியிருந்தது. படித்த வழக்கறிஞர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததே வெட்கக்கேடு. "கட்சிக்காரர்தான் கேட்கிறார், நான் மாட்டேன் என்றால் அடுத்த அறையில் எழுதி வாங்கிக்கொள்வார்" என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். கட்சிக்காரர் விவாகரத்து கேட்கிறார். இவர்கள் கொடுப்பது வெறும் காகிதம். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்காகும் என்ற பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. எதிர்த்து நடக்கும் வழக்கு இழுக்கும். ஆனால் பத்திரம் எழுதும் அளவுக்கு இருவரும் ஒத்துப்போய்விட்டார்கள் என்றால், 13-பி மனுவுக்கு வேண்டிய கடினமான பாகம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு உள்ள ஆறு மாதக் காத்திருப்பையும், நகை, ஜீவனாம்சம், பிள்ளைப் பொறுப்பு எல்லாம் பேசித் தீர்ந்து, சமரசத்துக்கு வழியே இல்லை என்றால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியைத் திறந்தது. கேரளத்திலோ மும்பையிலோ வாழ்க்கைப்பட்டு வீடு திரும்பிய பெண், தான் இப்போது வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம்.

வழக்கறிஞர்கள் பழைய வாசகத்தைத் தூக்கிப் போடவும் வேண்டியதில்லை. அதை உடன்படிக்கையாகத் திருத்தி எழுதி, 13-பி மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்யலாம். சமூகத்தில் நிஜமாகவே மணமுறிவு வழக்கம் உண்டு என்றால், அதைத் தெளிவாக எடுத்துரைத்து, மூத்தவர்களைச் சாட்சியாக வைத்து, உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை கேட்கலாம். ஏற்கெனவே தாளை நம்பி மறுமணம் செய்தவர் வந்தால், பயமுறுத்தி அனுப்பாமல், முதல் மணத்தை முறைப்படி கலைத்து, பிறகு இப்போதைய துணையோடு மறுபடி திருமணம் செய்து பதிவு செய்யச் சொல்லலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்ற பெண்களுக்கு ஒரு தகவல். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் அதிகாரச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.