விருதும் கோடரியும்

கர்நாடக மாநிலத்தின் ஹுலிக்கல் என்னும் சிற்றூரிலிருந்து குதூர் செல்லும் சாலையில், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவுக்கு ஆலமரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. அவை 385 எனக் கணக்கிட்டுள்ளனர். அவற்றை வளர்த்தவர்கள் திம்மக்காவும் அவர்தம் கணவர் சிக்கையாவும் ஆவர். திம்மக்கா பள்ளிக்குச் சென்றறியாதவர். கல்லுடைக்கும் இடத்தில் கூலிவேலை செய்தவர். மகப்பேறு வாய்க்காத அவ்விருவரும் ஆலங்கன்றுகளையே பிள்ளைகளாகப் பேணினர். கன்னட மக்கள் அவருக்குச் 'சாலுமரத' என்னும் அடைமொழியை வழங்கினர். 'சாலுமரம்' என்பது மரவரிசையைக் குறிக்கும்.

முதலாண்டில் அவர்கள் நட்டவை 10 கன்றுகளே. அடுத்த ஆண்டு 15. அதற்கடுத்த ஆண்டு 20. மழைக்காலத் தொடக்கத்தில் நட்டனர். மழை பொய்த்த நாள்களில் குடங்களில் நெடுந்தொலைவு நீர் சுமந்து ஊற்றினர். ஆடுமாடுகள் கடிக்காதவாறு முள்வேலி கட்டினர். தம்மால் நீரூற்றிக் காக்க இயலும் அளவுக்கே நட்டனர் என்பது இங்கு நோக்கத்தக்கது. ஒரே நாளில் பல்லாயிரம் கன்றுகளை நட்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு கலைந்துசெல்லும் விழாக்கள், அந்தப் பத்துக் கன்றுகளின்முன் நாணவேண்டும்.

அவர்கள் ஆலைத் தேர்ந்ததும் பொருத்தமே. பிற மரங்கள் காய்க்காத காலத்திலும் ஏதேனும் ஓர் ஆல் பழுத்திருக்கும்; பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் அதனை நாடிவரும். இலைகள் வெளியிடும் நீராவியும் அடர்ந்த நிழலும் சாலையின் வெம்மையைத் தணிக்கும். தண்டும் கிளையும் காற்றின் கரியைப் பல்லாண்டுகள் சேர்த்துவைக்கும். பருவநிலை மாற்றம் என்னும் சொல் ஊர்ப்பேச்சில் புகுமுன்பே அதற்கான பணியைத் திம்மக்கா செய்து முடித்திருந்தார்.

பாராட்டுகள் காலந்தாழ்ந்தே வந்தன. சிக்கையா 1991இல் மறைந்தார். ஆதலால், கணவருடன் நின்று பெறவேண்டிய சிறப்புகளைத் திம்மக்கா தனியராகவே பெற்றார். 2019இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விருது பெறுகையில் குடியரசுத் தலைவரின் நெற்றியைத் தொட்டு அவர் வாழ்த்திய காட்சியை நாடே கண்டு நெகிழ்ந்தது. தம் ஊருக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் நெடுங்காலம் கேட்டுவந்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

அதே ஆண்டில் சாலை விரிவாக்கத் திட்டமொன்று அம்மரங்களை அச்சுறுத்தியது. நூறு வயதைக் கடந்த அம்மூதாட்டி, அவற்றை வெட்டவேண்டா என முதலமைச்சரிடம் முறையிட நேர்ந்தது. வளர்த்தவருக்கு விருது, வளர்ந்ததற்குக் கோடரி என்னும் இம்முரண்பாட்டை எவ்வாறு ஏற்பது? வெட்டிய மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நடப்படும் என்பர். அக்கன்றுகள் நிழல் தருவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிடும். அதுவரை அவற்றுக்கு யார் நீர் சுமப்பார் என்பதை எந்த அரசாணையும் சொல்வதில்லை.

திம்மக்கா 2025 நவம்பரில் மறைந்தார். அவர் பெயரில் சிலை எழுப்புவோர் எழுப்பட்டும். சாலைத் திட்டத்தின் வரைபடத்தில், முதலில் மரங்களைக் குறித்துக்கொண்டு, அதன்பின் சாலையின் கோட்டை வரைவதே அவருக்குச் செய்யத்தக்க சிறப்பு. அதற்குத் தேவைப்படுவது சில அடி வளைவுதான்.