தொழிலாளர் பக்கம்: சம்பளத்தில் பிடித்த காசுக்கு மருந்து உண்டு



யாங்கோனுக்குப் புதிதாக வந்து குடியேறிய நம் குடும்பங்களில் வாடகைக்கும் அரிசிக்கும் அடுத்தபடியாகச் சம்பளத்தை விழுங்குவது மருந்துச் செலவுதான். காய்ச்சல் என்றால் முனைக் கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் நாலைந்து மாத்திரைகளைக் கலந்து ஒரு பொட்டலம் கட்டித் தருகிறார். அதில் என்ன இருக்கிறது என்று நமக்கும் தெரியாது, கேட்பதும் இல்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களோ கையில் காசு இருக்கிற மாதம் மாத்திரை வாங்குகிறார்கள், இல்லாத மாதம் விட்டுவிடுகிறார்கள். இப்படி விட்டு விட்டுச் சாப்பிடுவதால் வரும் கேடு பெரிது.

இதில் வருத்தம் என்னவென்றால், தொழிற்சாலையில் வேலை செய்யும் நம்மில் பலர் மருந்துக்கான பணத்தை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறோம். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எஸ்.எஸ்.பி. என்று ஒரு பிடித்தம் இருக்கும். பர்மியர்கள் இதை ‘ஃபூலோன்யே’ என்பார்கள். அதுதான் அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டம். இதற்கான முதல் சட்டம் 1954இல் வந்தது. 1956இல் ரங்கூனில் திட்டம் தொடங்கியது. இப்போதுள்ள சட்டம் 2012இல் இயற்றப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்தது.

கணக்கு இதுதான். தொழிலாளியின் சம்பளத்தில் 100க்கு 2, முதலாளி தன் பங்காக 100க்கு 3. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 3 லட்சம் கியாட் வரைதான் கணக்கில் எடுத்தார்கள். அந்தச் சம்பளத்துக்கு நம் பங்கு மாதம் 6,000, முதலாளி பங்கு 9,000. ஆக 15,000 கியாட் நம் பெயரில் போகிறது. அப்படியிருக்க, அதற்குரிய மருந்தை வாங்காமல் கடையில் கடன் சொல்லுவானேன்?

லைங்தாயா, இன்செயின் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் இத்திட்டத்தின் கிளினிக்குகள் உள்ளன. அட்டையைக் காட்டினால் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் தாம்வேயில் 250 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஒரு நோய்க்கு 26 வாரம் வரை சிகிச்சை பெறச் சட்டம் இடம் தருகிறது. நோயினால் வேலைக்குப் போக முடியாதவர்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 100க்கு 60 பணமாகவும் உண்டு. ஆனால் அதற்கு முன் 6 மாதம் வேலை செய்து, 4 மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். கிளினிக்கில் எல்லா நாளும் எல்லா மருந்தும் இருப்பதில்லை. வரிசையில் நிற்க அரை நாள் போய்விடும். தமிழ்நாட்டில் நம் சொந்தக்காரர்கள் இ.எஸ்.ஐ. என்று சொல்கிறார்களே, அதில் குடும்பத்தாருக்கும் வைத்தியம் உண்டு. இங்கே அட்டை உள்ள தொழிலாளிக்கும், பிள்ளை பெற்றவரின் குழந்தைக்கு ஒரு வயது வரையிலும் மட்டுமே. ஆகையால் தையல் ஆலைக்குப் போகும் நம் அக்கா தங்கைகள், “வீட்டுக்காரருக்கு அட்டை இருக்கிறதே” என்று இருந்துவிடக் கூடாது. தங்கள் பெயரில் தனி அட்டை கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு வழி இல்லையா? உண்டு. காசநோய்க்கான மாத்திரை அரசின் திட்டத்தில் இலவசம். அதைத் தொழிலாளிதான் வாங்க வேண்டும் என்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கடைப் பொட்டலத்தை நம்பாமல் டவுன்ஷிப் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். எச்.ஐ.வி., மலேரியா மருந்துகளும் அப்படியே.

கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனிப் பெயரைச் சொல்லாதீர்கள். அழுத்தத்துக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் என்று மருத்துவர் எழுதியிருந்தால், அதே மருந்தைப் பல கம்பெனிகள் பல விலையில் விற்கின்றன. பாரசிட்டமால் போன்ற சாதாரண மருந்துக்கு பி.பி.ஐ. என்று கேளுங்கள். அது இன்செயினில் உள்ள அரசுத் தொழிற்சாலையின் சரக்கு, விலை குறைவு.

இந்த மாதம் நாம் செய்ய வேண்டியவை:

1. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. பிடித்தம் இருந்தும் அட்டை தரவில்லை என்றால் தொழிற்சாலை அலுவலகத்தில் கேளுங்கள். ஒருவராகப் போகாமல் நாலு பேராகப் போங்கள். அங்கே பதில் இல்லையென்றால் டவுன்ஷிப் எஸ்.எஸ்.பி. அலுவலகத்தில் விசாரியுங்கள். பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம்.
3. முன்பு வேறு ஊரில் பதிந்திருந்தால் அந்த எண்ணையும் சொல்லுங்கள்.
4. கிளினிக்கில் இல்லாத மருந்தை வெளியே வாங்கச் சொன்னால், மருத்துவர் எழுதிய சீட்டையும் கடை ரசீதையும் பத்திரமாக வைத்து, பணம் திரும்பக் கிடைக்குமா என்று எஸ்.எஸ்.பி. அலுவலகத்தில் கேளுங்கள்.

பாஷை சரியாக வராது, குமாஸ்தா ஏதாவது சொல்லிவிடுவார் என்ற கூச்சம் நம்மில் பலருக்கு இருக்கிறது. நாம் அங்கே தர்மம் கேட்கப் போகவில்லை. நம் கூலியிலிருந்து கட்டிய பணத்துக்குரியதைக் கேட்கப் போகிறோம். பர்மியம் நன்றாகப் பேசும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். படித்ததை அண்டை அயலாருக்கும் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் பேறுகால உதவி பற்றி எழுதுவோம்.